ஜெரெஜாக் தீவில் என் மகன் பெற்ற ஞானஸ்நானம்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம், என் மனைவி ஞானம்மாள் நிறைகர்ப்பிணியாய் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி, பினாங்கில் இருந்த என்னிடம் வந்தாள். கப்பலில் அம்மை கண்டது. பினாங்குக் கரையைக் கண்ணால் கண்டவளை இறங்கவிடாமல், மற்றவர்களோடு, தொற்றுநோய்க்காரரை ஒதுக்கி வைக்கும் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்தார்கள். அங்கே அவளுக்கும் அம்மை கண்டது. அங்கேயே மகன் பிறந்தான். பிள்ளை மிகவும் பலவீனம் என்று படகோட்டி வந்து சொன்னான். எனக்கும் சுவாமியாருக்கும் தீவில் கால் வைக்க உத்தரவு இல்லை.

ஞானஸ்நானம் பெறாமல் பிள்ளை போய்விடுமோ என்று நடுங்கினேன். நம் கடற்கரை முன்னோருக்கு மணியடித்து வேதம் போதித்த புனிதராகிய அர்ச்சியசிஷ்டவரின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். சீன தேசம் போக விரும்பி, அதன் கரை தெரியும் தீவொன்றில் உயிர்விட்டவர் அவர். தீவில் அகப்பட்டவர் துயரம் அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைக்கச் செய்யும் என்று மன்றாடினேன். அது மட்டுமே கேட்டேன். ஆத்துமமே பெரிது என்று கற்றவன், உயிரையும் கேட்பது பேராசை என்று எண்ணினேன்.

குணமடைந்த மனைவியைப் படகில் கொண்டுவந்து விட்ட, தீவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஆயா மீனாட்சி, படகுத்துறை ஜெட்டியில் நின்றபடியே சொன்னாள்:

“அண்ணே, புள்ளைய தனிக் கொட்டாயில வச்சிருந்தோம். மூச்சு எளைச்சிருச்சு. அக்கா தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு, ‘நான் சொல்றதச் சொல்லித் தலையில தண்ணி ஊத்து’ன்னு கத்துச்சு. நான் மாரியாத்தாளக் கும்பிடுறவ லா. பிதா, சுதன்னு ரெண்டும் வந்துருச்சு, அந்தக் கடைசிப் பேரு, இஸ்பிரீத்துசாந்து, வாயிலயே நுழையல. விட்டுச்சா அக்கா? திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்து, சரியா வந்த பொறவுதான் ஊத்த விட்டுச்சு. என்னையும் பூசாரி ஆக்கிருச்சு.”

சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“விடியக்காலம் போயிருச்சுண்ணே. அங்கயே மண்ணு போட்டோம்.”

சுவாமியார் விசாரித்து, ஆபத்து வேளையில் யார் கொடுத்தாலும் ஆகும், அந்த ஞானஸ்நானம் செல்லும் என்றார். நம் பாஷை அறியாத அர்ச்சியசிஷ்டவரும் பிறர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தே நம்மவருக்கு ஜெபம் கற்பித்தார் என்றும் சொன்னார்.

என் மன்றாட்டு ஒரு சொல்லும் குறையாமல் நிறைவேறியது. அதற்கு நன்றி சொல்லாத நாளில்லை. கேளாமல் விட்டதை நினைத்து மனம் வேகாத நாளும் இல்லை. அதன்பின் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், சாதி மதம் பாராமல் அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்து வருகிறேன்.

ஆகையால் சகோதர சகோதரிகளே, அந்த அர்ச்சியசிஷ்டவரை நம்பி மன்றாடுங்கள். ஆத்துமத்தைக் கேளுங்கள். பிள்ளையின் உயிரையும் கூசாமல் கேளுங்கள். தேவசித்தம் எதுவாயினும், கேட்டோம் என்ற ஆறுதலாவது மிஞ்சும்.

இந்தச் சாட்சியைக் கோயிலில் பத்திரமாய் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.