வேலைக்குக் கூப்பிட்ட புகை

நேற்று மகளின் குசினியில் காஸ் அடுப்பு மஞ்சளாய் எரிந்தது. நான் சும்மா இருப்பேனா? ஊசியும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்து அடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டேன். "அப்பா, இண்டைக்குச் சமையல் இல்லையோ?" என்று மகள் கத்தினாள். மத்தியானம் எல்லோருக்கும் கடைப் பாண்தான். ஆனால் பின்னேரம் சுவாலை நீலமாய் எழுந்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

மஞ்சள் சுவாலையைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். அந்த வியாதி சீனக்குடாவில் பிடித்தது.

அங்கே கடலோரத்து அரிசி ஆலையில் எனக்கு முதல் வேலை, மெக்கானிக்காக. தம்பலகாமத்து நெல் லொறியில் வரும். தொட்டியில் ஊறப்போட்டு, பொயிலர் நீராவியில் அவித்து, காயவிட்டுக் குத்துவார்கள். அவித்த நெல்லின் வாசம் இருக்கிறதே, சாப்பிட்டு எழுந்தவனுக்கும் பசிக்கும். அதோடு கரும்புகையும் வரும். பொயிலருக்குத் தார் மாதிரித் தடித்த எண்ணெய். எங்கள் பேர்னர் அதில் பாதியை எரித்து, மிச்சத்தைக் கரியாக ஊருக்குப் பகிர்ந்தது.

ஊர் என்றால் முதலில் மேரி அக்கா. ஆலை மதிலுக்கு அடுத்த வீட்டில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பவர். ஒருநாள் கரிப்பொட்டு விழுந்த சட்டையோடு முதலாளியின் கந்தோருக்குள் நுழைந்தார்.

"இதைப் போட்டுக்கொண்டு பிள்ளை எப்பிடிக் கோயிலுக்குப் போறது? நீங்களே சொல்லுங்கோ."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பேர்னரை மாத்தினால் புகை நிக்கும்" என்றேன்.

"மாத்து. ஆனா தொட்டியில கிடக்கிற நெல்லுப் பழுதாப் போனா, பழைய பேர்னரைத் திருப்பிப் பூட்டிப்போட்டு நீ வீட்ட போ" என்றார் முதலாளி.

எண்ணெய் தூறலாய்ச் சிதறினால்தான் முழுதாய் எரியும், எங்களுடையது ஒழுகியது. எண்ணெய் இளகட்டும் என்று அதன் குழாயைச் சுற்றி நீராவிக் குழாய் விட்டேன். தேய்ந்த முனையை எறிந்துவிட்டு, சிறு துளைகளோடு புதியது கடைந்தேன். காற்று சுழன்று வந்து கலக்கட்டும் என்று சுற்றிவரச் சரிவாய்த் தகடுகள் வைத்தேன்.

விடியப் பற்றவைத்தேன். சுவாலை கட்டையாய், பளிச்சென்று நின்றது. வெளியே ஓடிப் பார்த்தால் புகைபோக்கிக்கு மேல் வெறும் வானம். மேரி அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, இன்னும் பத்தவைக்கேல்லையோ?" என்றார். "எரியுது அக்கா!" என்று துள்ளினேன்.

துள்ளி முடியத்தான் தெரிந்தது, வேலைக்கு ஒருவரும் வரவில்லை. நெல் ஊறி முடிந்துவிட்டது. இனியும் கிடந்தால் புளித்து நாறும்.

"அவையள் புகையைப் பாத்தெல்லோ வாறவையள்!" என்றார் மேரி அக்கா.

உண்மைதான். ஆட்கள் எல்லோரும் அக்கரைக் கிண்ணியாவிலிருந்து தோணியில் வருபவர்கள். ஆலை தினமும் ஓடாது. விடியலில் புகை தெரிந்தால் வேலை, தெரியாவிட்டால் படுக்கை. என் பெரிய மூளைக்கு இது எட்டவில்லை.

"பழைய பேர்னரைப் பூட்டுவமோ?" என்றேன்.

"விசரே உமக்கு?" என்றார். கொடியில் கிடந்த சட்டைகளை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, முற்றத்தில் ஈரத் தேங்காய்மட்டையையும் பழைய டயரையும் குவித்துத் தீ வைத்தார். அப்பப்பா! எங்கள் ஆலை தன் பிறப்பில் விடாத புகை. மேரி அக்கா இருமி இருமிச் சிரித்தார்.

தோணிகள் வந்தன. இறங்கியவர்களில் பலர் கையில் வாளி! ஆட்களைக் கூட்டிவரும் குறிஞ்சாக்கேணி ஹனிபா காக்கா மூச்சிரைக்க நின்றார். "புகையக் காணல்ல, வேலையில்லையாக்கும் எண்டு திரும்பிப் படுத்திட்டம். பிறகு பாத்தா ஆலையே பத்தி எரியுது!"

பொழுதுபட முன்னம் நெல் அவிந்தது. முதலாளி எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். வழக்கத்தைவிட நிறைய மிச்சம் இருந்தது. "புதுசு இருக்கட்டும்" என்றார். அவர் வாயில் அதுதான் பாராட்டு.

அதன்பின் வேலையுள்ள நாளில் புகைபோக்கி ஏணியில் கொடி ஏறியது. தூரத்துக்குத் தெரியச் சிவப்பு வேண்டும் என்றார் ஹனிபா காக்கா. "வெள்ளைதான். கறுத்தால் தம்பியைப் பிடிப்பன்" என்று மேரி அக்கா தைத்துத் தந்தார். அது கறுக்கவேயில்லை. அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு.

ஆலை இப்போது இல்லை. புகைபோக்கியையும் இடித்துவிட்டார்கள். மேரி அக்கா எந்த நாட்டிலோ, தெரியாது. தோணித்துறைக்குப் பதில் பாலம். போனமுறை அங்கே போனபோது அதன் நடுவில் வாகனத்தை நிறுத்தி இறங்கினேன். விடிந்துகொண்டிருந்தது. வேலை இருக்கிறதா என்று எங்கள் பக்கம் பார்க்கக் கிண்ணியாக் கரையில் ஒருவரும் நிற்கவில்லை. எனக்கோ, எவரையாவது கைதட்டிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது.