மாமி பேசறேன்

எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு இருக்கிறது. எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் அவிழவில்லை. அதைப் போட்டவர் மாவு அக்கா. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் இட்லி மாவு அரைத்துக் கொண்டுவந்தவர். முந்தின நாள் காலித் தூக்கை வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் காலை நிரப்பிக் கொண்டுவருவார். தூக்கு அந்தந்த வீட்டுடையது. உள்ளே இருக்கும் மாவும் அந்தந்த வீட்டுடையதுதான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு காலை, வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தவள், ஏன் நம் தூக்கில் சிவப்பு நூல், எதிர் வீட்டுத் தூக்கில் வெள்ளை நூல் என்று கேட்டேன்.

“நீங்க திருநெல்வேலி. நல்லாப் புளிச்சாத்தான் உங்கப்பாவுக்கு எறங்கும். எதிர் வீட்டு மாமிக்குப் புளிப்பே ஆவாது, அதான் வெள்ளை. மேல் மாடிக்கு வெந்தயம் தூக்கலா இருக்கணும், பச்சை. எழுத்து தெரிஞ்சா பேரு எழுதியிருப்பேன் பாப்பா. தெரியல, நூலு கட்டிட்டேன்.”

அந்த நொடியில்தான் யோசனை வந்தது. விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, ‘தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு தெளிவான அடையாளம் உருவாக்கித் தருகிறேன்’ என்று நானே தனியாக ஒரு தொழில் தொடங்கியிருந்த நேரம். முதல் வாடிக்கையாளர் இன்னும் கிடைக்கவில்லை. பற்பசை நுரையோடு “அக்கா, நீங்க ஒரு பிராண்ட்!” என்று கத்தினேன். அவர் என்னை விட்டுவிட்டு உள்ளே இருந்த அம்மாவிடம், “பாப்பாவுக்குத் தூக்கம் தெளியலியா?” என்று கேட்டார்.

அக்கா சேலம் பக்கம். கணவரோடு கட்டட வேலைக்கு டெல்லி வந்து, அவர் இறந்த பிறகு பாத்திரம் தேய்க்கப் போய், பல வருடம் பிறர் வீட்டுச் சமையலறைகளில் நின்றவர். ரயில் பாதையோரக் குடியிருப்பில் ஒற்றை அறை. அதில் பாதியை ஒரு பழைய கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. மாவுத் தொழிலைப் பற்றி ஒரு பெருமை அவருக்கு உண்டு. அம்மா எத்தனை முறை உள்ளே வந்து காபி குடிக்கக் கூப்பிட்டாலும், “வேணாங்க, இனிமே யாரு வீட்டுக்குள்ளயும் நான் போறதில்ல. வாசல்ல நின்னு குடுப்பேன், ஜல்தி போயிருவேன். இது என் வேல” என்பார். வாசலில் நிற்பது அவருக்குக் குறைவாகத் தெரியவில்லை. அது அவர் தேர்ந்தெடுத்த இடம். இதை நான் அப்போதே என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன், அழகான வாசகம் என்று. எழுதிவைத்தேனே தவிர, என்ன சொல்கிறார் என்று யோசிக்கவில்லை.

பத்து நாட்களில் எல்லாம் தயார். ஒரே மாவு, ஒரே ருசி, ஒரே பாக்கெட். வீட்டுக்கு வீடு வேறு வேறாகக் கொடுத்தால் மக்கள் மனதில் எதுவுமே நிற்காது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டுகிறார்கள், பழைய வீடுகள் காலியாகின்றன, இனி புது அடுக்குமாடிகள்தான் சந்தை என்றும் சொன்னேன். அதெல்லாம் பொய்யில்லை. பிறகு லேபிளைக் காட்டினேன். மஞ்சள் பின்னணி. நடுவில் ஒன்பது கஜம் கட்டி, மூக்குத்தி போட்டு, குங்குமம் வைத்துச் சிரிக்கும் ஒரு பெண்மணி. மேலே வளைந்த எழுத்தில், ‘அக்ரஹாரத்து மாமி மாவு’.

அக்கா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “லட்சணமா இருக்காங்க. யாரு பாப்பா இவங்க?”

“யாரும் இல்லக்கா. சும்மா ஒரு படம். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல?”

“அச்சா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “என்னியப் பாத்தா வராதா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். ஒரு தனி ஆளின் தொழிலுக்கு அடையாளம் உருவாக்குகிறேன் என்று கிளம்பி, அந்த ஆளை மட்டும் துடைத்து எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை. எழுத்துரு ஒரு சுற்று சிறியதாக இருக்கலாமோ என்பதுதான் கவலை.

பாக்கெட் பிய்த்துக்கொண்டு போனது. ஆர்டருக்கு என் போன் நம்பர். கூப்பிட்டவர்கள் எடுத்தவுடனே “மாமியா?” என்றார்கள். முதல் தடவை விளையாட்டாகத்தான், “மாமிதான் பேசறேன், சொல்லுங்கோ” என்றேன். நாங்கள் பிராமணர்கள் இல்லை. ஆனால் எதிர் வீட்டு மாமியின் மடியில் வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சு எனக்கு அத்துப்படி. பள்ளி விழாவில் அப்படிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இரண்டாம் தடவை விளையாட்டு இல்லை. மூன்றாம் தடவை, போன் அடித்ததும் குரல் தானாகவே மாறியது.

ஒருநாள் வீடியோ எடுக்க அக்காவோடு ஓர் அடுக்குமாடிக்குப் போனேன். கேட்டில் காவலாளியிடம் பெயர் எழுதிக்கொடுத்து, லிஃப்டில் ஏறி, பெல் அடித்தோம். கதவைத் திறந்த இளம்பெண் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, “மாமி வரலையா? நீங்க மாமி ஆத்துல வேலைக்கு இருக்கேளா?” என்று அன்பாகவே கேட்டாள். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் கேமராவைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

“ஆமாங்க” என்றார் அக்கா. “மாமி வூட்ல இருக்காங்க.”

தன் மாவுக்குத் தானே வேலைக்காரி. லிஃப்டில் இறங்கும்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “சூப்பரா சமாளிச்சீங்கக்கா” என்றேன். அதைத்தான் சொன்னேன். இதை எழுதும்போதுகூட அந்த ‘சூப்பரா’வை அழித்துவிட்டு நாகரிகமாக ஒன்றைப் போடலாமா என்று கை பரபரக்கிறது. போடவில்லை.

எல்லாம் முடிந்தது ஒரு போன் அழைப்பில். லேபிள் கட்டை வாங்கிப்போக அக்கா எங்கள் வாசலில் நின்றிருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே லேபிள்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் ஒரு மாமா. அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போய்விட்டார், தனியாக இருக்கிறார்.

“மாமி, அமாவாசை தர்ப்பணம் பண்ணினா ராத்திரி சாதம் கிடையாது, பலகாரம்தான். அவ இருந்தவரைக்கும் அவளே அரைப்பா. கடை மாவு நான் தொட்டதில்லே. நீங்க மடியா அரைக்கறேள்தானே? அதை மட்டும் கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்.”

“அதெப்படி மாமா அப்படிக் கேட்டுட்டேள்! விடிகாலமே ஸ்நானம் பண்ணிட்டுத்தான் கிரைண்டரையே தொடுவேன்” என்றேன். குரலில் ஒரு செல்லக் கோபம்கூட வைத்தேன். அவர் நெகிழ்ந்துபோய், “க்ஷேமமா இருங்கோ” என்று வைத்தார். பெருமையோடு நிமிர்ந்தேன்.

அக்கா லேபிள் கட்டைத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தார்.

“நானும் தெனம் குளிச்சிட்டுத்தான் பாப்பா அரைக்கிறேன்.”

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, விளக்கம் சொல்வது போலத்தான் இருந்தது. என்னிடம் படித்த பதில் ஒன்று தயாராக இருந்தது. மடி, ஆசாரம் எல்லாம் பத்தாம்பசலித்தனம், அதை நம்புகிறவரிடம் ஒரு பொய் சொன்னால் என்ன தப்பு, இது ஒருவகையில் அவர்களுக்கு நாம் கொடுக்கும் அடி என்று வேகவேகமாகச் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டார்.

“அடி குடுக்கறதா இருந்தா மூஞ்சியக் காட்டிக் குடுக்கணும் பாப்பா. இவரு செத்துப்போன மனுசங்களுக்குச் செய்யறாரு. யாரு கை மாவுன்னு தெரிஞ்சுதான் அவரு திங்கணும். வேணான்னா வேணாங்கட்டும். அது அவரு பாடு. நான் யாருன்னே சொல்லாம என்னால அரைக்க முடியாது.”

அமாவாசைக்கு மாவு போகவில்லை. அதன்பின் எந்தப் பாக்கெட்டும் போகவில்லை. அக்கா பழையபடி தூக்கோடு வரப் பார்த்தார். ஆனால் ஒரே ருசி, ஒரே பாக்கெட் என்று நான் நிறுத்தச் சொன்ன வீடுகள் அதற்குள் கடை ஃபிரிட்ஜ் மாவுக்குப் பழகியிருந்தன; சில வீடுகள் காலியாகிவிட்டன. நாலைந்து தூக்குகளுக்காகக் கிரைண்டர் ஓட்ட முடியாது. அக்கா இப்போது இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறார் என்று எதிர் வீட்டு மாமி சொன்னார். இனி யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை என்றவர், காலையும் மாலையும் உள்ளே போய் வருகிறார்.

மாமி அதை மட்டும் சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். விடவில்லை. “ஏண்டி, அந்தப் பாக்கெட்டுல என்னை மாதிரி ஒருத்தியைப் போட்டியே, மாவு அரைக்கறவ படத்தைப் போட்டா நாங்க வாங்கமாட்டோம்னு உனக்கு யாருடி சொன்னா? பன்னெண்டு வருஷமா அவ மாவைத்தானே தின்னுண்டிருந்தேன்? நீ எங்காத்துல தின்னதும் அதைத்தானே?”

யாரும் சொல்லவில்லை. இதுதான் எனக்குத் தூக்கிச் சுமக்க முடியாததாக இருக்கிறது. யாரோ ஒரு பிற்போக்கான கூட்டத்தின் வெறுப்புக்குப் பயந்து அந்தப் படத்தைப் போட்டேன் என்றால் என் வெட்கத்தில் பாதியை அவர்கள் தலையில் இறக்கிவைத்திருப்பேன். நான் யாரையும் கேட்கவே இல்லை. என் மேசையில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டு, எந்த முகம் சுத்தமாகத் தெரியும் என்று நானே முடிவு செய்தேன். அந்தக் கணக்கு எனக்குள் ஏற்கெனவே இருந்தது. எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கின் மிச்சம் எங்கோ இருந்திருக்க வேண்டும். அம்மா காபிக்குக் கூப்பிடுவாள். ஆனால் அக்காவுக்கு என்று ஒரு தனி டம்ளர் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அக்கா ஒருநாளும் உள்ளே வராததற்குப் பெருமை மட்டும்தான் காரணமா என்று இப்போது யோசிக்கிறேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி. என் வலைப்பக்கத்தில் அந்த மஞ்சள் லேபிள் நேற்றுவரை இருந்தது. ‘முகவரி இல்லாத ஒரு சிறுதொழிலுக்கு முகம் கொடுத்த கதை’ என்று தலைப்புப் போட்டு. அதைப் பார்த்துத்தான் அடுத்த வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இப்போதெல்லாம் மேடை ஏறி மற்றவர்களுக்கு, உங்கள் கதையில் உண்மையாக இருங்கள் என்று பேசுகிறேன். அந்த வாக்கியம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிப்பேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அது சுலபமான வேலை, ஒரு பொத்தான். உடனே என் மூளை அதன் பழைய வேகத்தில் ஓடியது. அக்காவின் முகத்தையே போட்டுப் புது லேபிள், மூன்று நிற நூல்களையே சின்னமாக வைத்து, ஆளுக்கேற்ற மாவு என்று... பென்சிலைக் கீழே வைத்தேன். அக்காவைக் கேட்காமல் அவர் முகத்தை எடுத்துவிட்டேன். கேட்காமல் திருப்பி ஒட்டவும் எனக்கு உரிமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெறும் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் குடியிருப்புக்குப் போவேன். மாவு கேட்பதற்கு இல்லை. நான் செய்ததை அவர் வாசலில் நின்று சொல்வதற்கு. உள்ளே கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் அதுவும் அவர் தேர்ந்தெடுப்பது.

அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. நாளை மறுநாள் அமாவாசை. அந்த மாமா இன்னும் மாதாமாதம் கூப்பிடுகிறார்; நான் எடுப்பதில்லை. மாமிக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டு ஒரு குரல் செய்திகூட அனுப்பியிருந்தார். இந்த முறை நானே கூப்பிடப் போகிறேன். மாமி என்று யாரும் இல்லை, அரைத்தது சேலத்து அக்கா, பேசியது நான் என்று சொல்லப் போகிறேன். அவர் திட்டலாம். உடைந்துபோகலாம். அல்லது அந்த அக்காவின் வீடு எங்கே என்று கேட்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது. இந்த முறை அதை நான் அவருக்காக முடிவு செய்யப்போவதில்லை.

தூக்கு என் முன்னால், மேசைமேல் இருக்கிறது. அதன் சிவப்பு நூல் முடிச்சை விரலால் தொட்டுக்கொண்டே, “வணக்கம் சார்” என்று தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். என் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பழக வேண்டியிருக்கிறது.