யாருக்குப் போடச் சொன்னீர்கள், பரமலிங்கம் அண்ணை?

பரமலிங்கம் அண்ணை காலமான செய்தி கனடாவிலுள்ள எங்கள் ஊர்ச்சங்கத்தின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. நான் பார்க்கும்போதே அதற்குக் கீழே பத்துப் பதினைந்து கும்பிட்ட கைகள் வரிசையாக நின்றன. நான் நம்பவில்லை. இதே குழுவில் முன்பு ஒருவருக்கு எல்லோரும் அஞ்சலி செலுத்தி முடித்த பிறகு, மறுநாள் அவரே வந்து தான் சுகமாக இருப்பதாக எழுதவேண்டி வந்தது. அதைவிட, எதையும் இரண்டாம் தரம் விசாரிக்காமல் ஏற்றுக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. ரூஜ் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போன் அடித்தேன். மகள் எடுத்தாள்.

"ஓம் அங்கிள். அப்பா இண்டைக்குக் காலமை பாஸ் எவே ஆகிட்டார். ஹார்ட்" என்றாள். பிறகு, "நீங்கள் கோல் பண்ணுவீங்கள் எண்டு நான் எக்ஸ்பெக்ட் பண்ணேல்லை" என்றாள்.

அந்தப் பிள்ளை சொன்னதில் பிழையில்லை. பரமலிங்கம் அண்ணையைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கும் தீர்மானத்தை, செயலாளர் என்ற முறையில் எழுதியவன் நான்தான். அவரை அறிந்த உங்களில் பலர் அன்றைக்குக் கை உயர்த்தினீர்கள். இவன் எந்த முகத்தோடு நினைவஞ்சலி எழுதுகிறான் என்று இப்போது நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வாசித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அவர் ஸ்காபரோவில் காருக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஓய்வு பெறும்வரை தரம் பார்க்கிற வேலை செய்தார். ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிழை இருந்தால் பேசாமல் ஒரு பக்கத்தில் வைத்துவிடுவதுதான் வேலை. ஆட்களிடமும் அப்படித்தான் இருந்தார். நாங்கள் சத்தம் போடும்போது திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என்ன முடிவுக்கு வந்தார் என்பது மட்டும் தெரியாது. இது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. வாய் திறக்காத மனிதன் எதையோ மறைக்கிறான் என்பதே என் எண்ணம்.

ஒரு கனடாத் தேர்தலில் எங்கள் பகுதியில் ஒரு தமிழர் நின்றார். தமிழ் வீடுகளின் முன்னாலுள்ள புல்தரையில் எல்லாம் அவருடைய பெயர்ப்பலகை. பரமலிங்கம் அண்ணை வீட்டுப் புல்லிலும் இருந்தது. பக்கத்தில் அவரை எதிர்த்து நின்றவரின் பலகையும் இருந்தது. நான் காரை நிறுத்தி இறங்கி, இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் வந்து கேட்டவை, தம்பி. புல்லுத்தானே, குடுத்தன்."

"அப்ப நீங்கள் ஆருக்குப் போடப்போறியள்?"

"வோட்டுப் போடுற மறைப்புக்குப் பின்னால ஒராள்தான் நிக்கலாம். நீரும் வந்தால் இடம் காணாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அன்று தொடங்கியது என் சந்தேகம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எனக்கு ஒரு தம்பி யூனியன்வில்லில் இருக்கிறான். பல வருடங்களுக்கு முன்பு இலங்கையில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, அதை எங்கள் சனம் பகிஷ்கரிக்க வேண்டும் என்று அவன் ஒரு கலியாண வீட்டில் சொன்னான். பைத்தியக்காரக் கதை என்று நான் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் தொடங்கியது, கார் நிறுத்துமிடத்தில் அம்மாவின் பெயரையும் இழுத்துத்தான் முடிந்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. பரமலிங்கம் அண்ணை அந்த மேசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். தம்பியை விட்டால் எனக்கு மிச்சம் இருப்பது ஊரில் இருக்கும் என் அக்கா ஒருவர்தான்.

இலங்கையின் போன ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது வெக்ஸ்போர்ட்டில் ஒரு கட்டடத்தின் நிலவறை மண்டபத்தில் சங்கம் கூடியது. தமிழருக்கென்று ஒரு வேட்பாளர் நிற்கவேண்டும் என்று ஒரு பகுதி, தெற்கில் வெல்லக்கூடிய சிங்கள வேட்பாளரோடு பேசிப் பார்க்கலாம் என்று ஒரு பகுதி, வாக்கே போடக்கூடாது என்று இன்னொரு பகுதி. தேநீரோடு கடிக்க வைத்த ரோல்ஸ் தட்டு சுற்றி வருவதற்குள் "துரோகி" என்ற சொல் மூன்று தரம் வந்துவிட்டது. அதில் ஒரு தரம் என் வாயிலிருந்து வந்தது. அப்போதுதான் பரமலிங்கம் அண்ணை எழும்பினார்.

"எங்களில ஒருத்தருக்கும் அங்க வோட்டு இல்லை. அதாலதான் சத்தம் கூடவாக் கிடக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். "ஆனா இந்தத் துரோகி எண்ட சொல்லை இவ்வளவு லேசா எடுக்காதேங்கோ. அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு ஊரில என்னென்ன நடந்தது எண்டு இதில இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

அந்தச் சொல் விழுந்த ஆட்கள் ஊரில் உயிரோடு மிஞ்சவில்லை. அவர் சொன்னது உண்மை என்று எனக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் இன்னும் கோபம் வந்தது.

முடிவில் தமிழ் வேட்பாளரை ஆதரிப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. ஆளுக்குப் பத்து வீடு என்று ஊரிலுள்ள வீடுகளைப் பிரித்தோம். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு வந்த வீடுகளுக்குப் போன் எடுத்து, வாக்குச்சீட்டில் யாருக்கு நேரே புள்ளடி போடவேண்டும் என்று சொல்லவேண்டும். வெளிநாட்டுக்காரர் எடுத்துச் சொன்னால் ஊர்ச்சனம் தட்டாது என்பது எங்கள் நம்பிக்கை. பரமலிங்கம் அண்ணையும் தன் பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தப் பட்டியலை எழுதியவன் நான். அதில் என் அக்கா வீட்டு நம்பரையும் சேர்த்திருந்தேன். அக்காவுக்கு நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இன்னொருவர் சொல்லவேண்டிய தேவையே இல்லை. இவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று அறிவதற்காக வைத்த பொறி அது. கெட்டித்தனம் செய்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

ஒரு கிழமை விட்டு அக்காவுக்கு எடுத்தேன்.

"பரமலிங்கம் அண்ணை கதைச்சவரோ?"

"ஓம் தம்பி. நல்ல மனிசன். கனநேரம் கதைச்சவர். என்ர முழங்கால் நோவைப் பற்றியெல்லாம் கேட்டவர்."

"எலெக்சனைப் பற்றி?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. லைனில் ஊர்க் காகம் கரைந்தது கேட்டது. "ஒண்டும் சொல்லேல்லை" என்றார் பிறகு.

அந்த இடைவெளி எனக்குப் போதுமாக இருந்தது. கனநேரம் பேசிய மனிதன் முழங்காலைப் பற்றி மட்டுமா பேசியிருப்பான்? வேறு ஆளுக்குப் போடச் சொல்லியிருக்கிறார், அக்கா அதை மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். தேர்தல் முடிந்தது. எங்கள் ஊரில் எங்கள் ஆளுக்கு விழுந்த வாக்கு நாங்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவு. மற்றவர்கள் காரணம் தேடினார்கள். என்னிடம் காரணம் தயாராக இருந்தது.

லோரன்ஸ் அவெனியூவில் ஒரு கோப்பிக் கடையில் அவரைப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்காவிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"அது நானும் அவவும் கதைச்ச கதை."

"அவ என்ர அக்கா."

"ஓம், உம்மட அக்காதான். அப்ப அவவிட்டைக் கேளும்."

"கேட்டனான். அவ மறைக்கிறா."

பரமலிங்கம் அண்ணை கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "உம்மட தம்பியோட கதைக்கிறனீரோ இப்ப?" என்று கேட்டார். கதையை மாற்றுகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கோப்பியைக் குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். சங்கத்தின் முடிவுக்கு மாறாக நடந்துகொண்டார் என்று எழுதியிருந்தேன். அவரிடம் விளக்கம் கேட்டார்கள். "நான் சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை" என்றார். தலைவர் கை உயர்த்தச் சொன்னார். கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. இரண்டு மூன்று பேர் பக்கத்தில் இருந்தவர் உயர்த்துகிறாரா என்று பார்த்த பிறகுதான் உயர்த்தினார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பரமலிங்கம் அண்ணையும் கையை உயர்த்தினார்.

"அண்ணை, இது உங்களை நீக்கிறதுக்கு" என்றார் தலைவர், அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று.

"தெரியும். ஏகமனதா இருக்கட்டும். இல்லாட்டி உயர்த்தாதவர் ஆர் எண்டு நாளைக்கு அடுத்த ஆளைத் தேடுவியள்."

சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்ததும் வழக்கம்போலக் கதிரைகளை மடித்து அடுக்கினார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கார் ஓட்டக் கண்பார்வை போதாமல் போயிருந்தது. கூட்டத்துக்கு எப்போதும் என் காரில்தான் வந்து போவார். அன்றைக்கு நான் அவரைக் கூப்பிடாமல், கூட்டக் குறிப்பை எழுதி முடித்துவிட்டுத் தனியாகப் புறப்பட்டேன். பின்னேரம், பனி தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் தொப்பியை இழுத்துக் காதை மூடியபடி நின்றார். நான் போவதைக் கண்டு கையைக் காட்டினார். நிறுத்தச் சொல்லிக் காட்டவில்லை, போய்வாரும் என்று காட்டினார். நான் நிறுத்தவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், வெட்கம்தான் சரியான சொல்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தரம் தமிழ்க் கடையில் சந்தித்தோம். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கான்ர முழங்கால் எப்பிடி?" என்றார். அக்காவின் பேரை எடுத்து என்னைக் குத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். அவருடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவர் காலமான அன்றே அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அக்கா அழத் தொடங்கினார். ஒரே ஒரு தரம் போனில் பேசிய ஆளுக்கு இவ்வளவு அழுகையா என்று என் புத்தி அப்போதும் வேலை செய்தது. அழுகை அடங்கிய பிறகு அக்கா சொன்னார்:

"தம்பி, அண்டைக்கு அந்த மனிசன் எலெக்சனைப் பற்றிக் கதைச்சவர்தான். ஆருக்குப் போடச் சொல்லியும் சொல்லேல்லை. 'பிள்ளை, உங்களுக்கு என்ன வேணும்?' எண்டு கேட்டார். இவ்வளவு காலத்தில என்னட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை. நான் எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். எங்கட வீடு வளவுக்குள்ள இன்னும் ஆமி இருக்கிறது, நான் வாடகை வீட்டில கிடந்து சாகப்போறனோ எண்டு பயப்பிடுறது, எல்லாம். 'தம்பி சொல்லுற ஆளுக்கு நான் போடமாட்டன் அண்ணை' எண்டும் சொன்னனான். சொன்ன பிறகு நடுங்கிப்போனன். தம்பியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, அவன் சின்னவனோட கதையை விட்ட மாதிரி என்னோடயும் விட்டிடுவான் எண்டு கெஞ்சினனான். சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணித் தந்தவர்."

அக்கா அவரைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, போனவருக்காக யார் பொய் சொல்லப் போகிறார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவரை நிர்வாகக் குழுவிலிருந்து நாங்கள் நீக்கிய கதையை அப்போதுதான் அக்காவுக்குச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவேயில்லை.

"என்னாலயோ?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா. என்னால."

"நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன், தம்பி" என்றவர், உடனே, "இல்லை, சொல்லியிருக்கமாட்டன். எனக்கு உன்னைப் பாக்கப் பயம்" என்றார்.

சின்ன வயதில் என்னை இடுப்பைப் பிடித்துச் சைக்கிளில் ஏற்றிவிட்ட அக்கா. அவருக்கு என்னைப் பார்த்துப் பயம். அவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்க நா துடித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இதையெல்லாம் எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். "எழுது. அந்த மனிசன்ர பேரில இருக்கிறதைத் துடைச்சுவிடு" என்றார்.

செத்தவீட்டில் அவர் மனைவி மனோ அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சவர். ஆரோட எண்டு கேட்டதுக்கும் சொல்லேல்லை. நானும் உம்மைப்போலத்தான், என்னவோ ஏதோ எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்" என்றார். பிறகு பெட்டிக்குக் கிட்டப் போய், அவருடைய சால்வையைச் சரிசெய்தார்.

நண்பர்களே, பரமலிங்கம் அண்ணை சங்கத்துக்குத் துரோகம் செய்யவில்லை. அவர் யாரை ஆதரித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்தக் கோப்பிக் கடையில் அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் பெயர் தப்பியிருக்கும், நிர்வாகக் குழுவில் இருந்திருப்பார், பனியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கமாட்டார். நான் அன்று பின்னேரமே ஊருக்குப் போன் எடுத்து, தம்பியோடு போலவே அக்காவோடும் கடைசிக் கதையைக் கதைத்து உறவை முடித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்திருக்கும் பொருள் ஒன்றும் இல்லை, ஒரு படம்கூட இல்லை. எனக்கு இன்னும் ஓர் அக்கா இருக்கிறார். அவர்தான் பரமலிங்கம் அண்ணை எனக்கு விட்டுப்போனது.