டிரம் தாழக் கூடாது

எங்கள் வீட்டுச் சாண எரிவாயு அடுப்பைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீலமாக எரியும், பாத்திரத்தில் கரி ஒட்டாது. விறகடுப்பின் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது சமைத்தவளுக்குத்தான் தெரியும். என் கோபமெல்லாம் கொல்லையில் இருந்த தொட்டியின் மேல்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். காடு அழிகிறது, பூமி சூடாகிறது என்று யார் கூட்டம் போட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு கூட்டத்திலிருந்துதான் இந்த ஏற்பாடு வீட்டுக்கு வந்தது. கிணறு மாதிரி ஒரு தொட்டி. அதில் தினமும் சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். மேலே கவிழ்த்து வைத்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர உயரும், குறைந்தால் தாழும். கல்லையும் வைக்கோலையும் கையாலேயே பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கரைக்க வேண்டும். ஒருமுறை கூலிக்கு ஆள் வைத்தோம். அவர் வைக்கோலோடு கொட்டிக் குழாயை அடைத்துவிட்டார். அதிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பழைய விறகடுப்பை என் வீட்டுக்காரர் கடப்பாரையால் இடித்துப் போட்டார். போட்டோ எடுக்க வருகிறவர்கள் கண்ணில் அது படக் கூடாதாம். அப்புறம் எங்கள் வீடு, ஊருக்கெல்லாம் காட்டுகிற ‘மாதிரி வீடு’ ஆகிவிட்டது. ஜீப்பில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் அடுப்பைப் பற்ற வைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, எனக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று சொல்ல வேண்டும். அத்தனை நேரம் மிச்சமாகியும் ஏரலில் இருந்த அம்மாவோடு ஒரு ராத்திரி தங்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கேட்டால், "டிரம் தாழ்ந்துரும்ளா" என்பார். சமையலறை ஜன்னலில் நின்றால் அந்த டிரம்தான் தெரியும். ஜெயிலில் இருப்பவளுக்குக்கூட ஜன்னலில் கொஞ்சம் வானம் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அண்ணன் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்து ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. மதினி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். துணைக்கு இருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்குக் கட்டு அவிழ்க்கும் அன்று காலையில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் அடுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது.

"ஒருநாள் நீங்க கரைச்சு ஊத்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஊத்துதது பெரிசில்லளா. வாரவுக உங்கிட்டதான கேப்பாவ. அடுப்புகிட்ட நான் நின்னா என்ன அர்த்தம்?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது நிஜமாகவே விளங்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது போயிருப்பேன்.

முந்தின நாள் மத்தியானம் டவுன் பஸ் பிடித்துப் போனேன். அம்மா கட்டோடு படுத்திருந்தாள். நான் பேசுவதற்கு முன்னாலேயே கையை நீட்டினாள்.

"நீதானட்டி? சாணி மணக்கு."

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கை.

"நாளைக்குக் காலைல கட்டவுப்பாவளாம். கூட இருப்பேல்லா?"

"காலைல வீட்டுக்கு ஆளுக வாராவம்மா."

"வந்தா கவனிக்கணும்லா" என்றாள். கையை மட்டும் விடவில்லை. கடைசி பஸ்ஸுக்காக நான்தான் உருவிக்கொண்டேன்.

மறுநாள் ஜீப் வந்தது. டிரம் நன்றாக உயர்ந்து நின்றது, தீயும் ஒரே பற்றில் பிடித்தது. வந்தவர்களில் பெரியவர் ஒருவர், விறகுப் புகையால் நம் பெண்களுக்குக் கண் போகிறது என்று உருக்கமாகப் பேசினார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்நேரம் அம்மாவுக்குக் கட்டை அவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஒரு அம்மாள் கேட்டார். நான் பொங்கிய பாலை இறக்கினேன். இவரே பதில் சொல்லிவிட்டார். கைதட்டினார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் அண்ணன் அம்மாவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "கட்டவுத்ததும் யாரம்மா மொதல்ல தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"நர்சுப் பிள்ளைதான். மொகம் சரியா தெளியல பாத்துக்கோ. வந்துட்டியாட்டின்னு கையப் புடிச்சிட்டேன். பாவம், அது கைய உருவிக்காம நின்னுச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அன்றைக்கு இன்னும் கரைத்து ஊற்றவில்லை.