ரசியா தப்பாகவே அமுக்கினாள்

நேற்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட் குழந்தையின் செல்போன், "சூப்பர்! சரியான விடை!" என்று கூவியது. அவ்வளவுதான். ஊர் வந்து சேர்வதற்குள் நான் பழைய நாட்களில் இறங்கிவிட்டேன்.

அப்போது ராஜபாளையத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளியில் நான் புது டீச்சர். பள்ளி என்றால் ஒரு மாடியறை. கீழே புரோட்டாக் கடை. சால்னா வாசம் படியேறி வந்தால் பிள்ளைகளைவிட எனக்குத்தான் கவனம் சிதறும்.

உடன் வேலை பார்த்த செந்தில் ஒரு மென்பொருள் செய்திருந்தான். டேப்லெட்டில் நான்கு படங்கள் வரும். "ஆடு எங்கே?" என்று கேட்கும். சரியாகத் தொட்டால் கைதட்டல், தப்பென்றால் "ஐயையோ!" குரல் என்னுடையது. செய்தி வாசிப்பவர் மாதிரி பேசத்தான் நினைத்தேன். பால் பொங்கி வழிவதைப் பார்த்து அலறியது மாதிரி வந்தது.

மம்சாபுரத்திலிருந்து வந்த ரசியாவுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. எதைக் கேட்டாலும் தப்பாகவே அமுக்குவாள். தலைமை ஆசிரியை சலித்துப்போனார். "இவளுக்குக் கம்ப்யூட்டர் ஒத்து வரல. அந்த நேரத்த வேற பிள்ளைக்குக் குடுத்திருவோம்."

ரசியாவின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "வீட்டுல ஆடு எங்கன்னா ஓடிப்போயி அது கழுத்தக் கட்டிக்கிடுவா டீச்சர். இதுல மட்டும் ஏன் தெரியல?"

மறுநாள் நான் திரையை விட்டுவிட்டு அவள் விரலையே பார்த்தேன். விரல் நேரே ஆட்டுக்குப் போனது. நின்றது. பிறகு நைசாக நகர்ந்து கத்திரிக்காயை அமுக்கியது. "ஐயையோ!" ரசியா என் முகத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானே ஆட்டைத் தொட்டேன். கைதட்டல் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏலே செந்திலு, அவளுக்கு எல்லாந் தெரியும்லே! கைதட்டுச் சத்தந்தான் அவளுக்குப் பிடிக்கல. சரியா அமுக்குனா ஐயையோன்னு வர்ற மாதிரி மாத்து!"

மாற்றினான். அன்று ஆடு, குடை, பஸ், வாழைப்பழம் எல்லாமே சரி. ஓயாத ஐயையோவைக் கேட்டுப் புரோட்டா மாஸ்டர் கரண்டியும் கையுமாக மேலே ஓடிவந்தார். "யாருக்கு என்னாச்சு?"

பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த ரசியாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஒண்ணுமில்லண்ணே. எம்புள்ள பாஸாயிட்டா."

தலைமை ஆசிரியை செத்த நேரம் நின்று பார்த்தார். "இம்புட்டு நாளா இவதான் நமக்குப் பரீட்ச வச்சிருக்கா" என்றார். ரசியாவின் நேரம் ரசியாவுக்கே நின்றது.

அந்த மாடியறை இப்போது செல்போன் கடை. செந்திலின் மென்பொருள் அங்கே விற்கிற எந்தப் போனிலும் திறக்காது. ரசியா வளர்ந்துவிட்டாள், போனில் சொற்களைத் தொட்டுத் தொட்டு, வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். போன மாதம் அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்து விசாரித்தேன்.

"இப்ப எல்லாம் சரியாத்தான் அமுக்குறா டீச்சர்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தப்பா அமுக்கிட்டு நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாள்ல, அதத்தான் காணோம்."