தாராவி லிங்க்கில் நான் போட்ட ஃபில்டர்

தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை... தாராவி பட்டறையின் இரும்புப் படி ஏறும்போதே தலை கிறுகிறுக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. முதலாளியின் கடை மாட்டுங்காவில், பை தைக்கும் பட்டறை தாராவியில். இன்டர்நெட் லைன் கடையில் மட்டும்தான். இரண்டு மொட்டை மாடியிலும் ஆன்டெனா நிறுத்தி, வயர்லெஸ் பிரிட்ஜ் போட்டுப் பட்டறைக்கு நெட் கொடுத்தது நான்தான். அந்தப் பெருமை வேறு!

ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் நொண்ட ஆரம்பித்தது. மெயிலில் ஒரு டிசைன் போட்டோ வந்து சேர்வதற்குள் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்து முடித்துவிடலாம்.

“என்னவே இது, போட்டோ மாட்டு வண்டிலயா வருது? லைன்ல கண்ட கழுதையும் ஓடுது போல. நிறுத்தும்வே!” என்று கத்தினார் முதலாளி.

நிறுத்தினேன். பிரிட்ஜில் ஃபில்டர் போட்டேன். மெயில் போகலாம், பில்லிங் போகலாம். மற்றதெல்லாம் தேவையில்லாத டிராஃபிக், அங்கேயே மடக்கு. பட்டறையில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிங்க் பறந்தது. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அங்கே கட்டிங் மாஸ்டர் ஒருவர், திருநெல்வேலிக்காரர். அவர் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஷார்ஜா போனவள். மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அப்போதுதான் சமாதானமாகி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை கம்ப்யூட்டரில் நெட் வழியாக அவளாகவே கூப்பிட ஆரம்பித்திருந்தாளாம். எனக்கு எங்கே தெரியும்...

இரண்டு மாதம் கழித்து ஆன்டெனா பார்க்கப் போனபோது மாஸ்டர் கம்ப்யூட்டரைக் காட்டித் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, இதுல மக கூப்பிடுவா. இப்பம் வாரதே இல்ல. மிஷின் கெட்டுப்போச்சா, இல்ல அவளுக்கே வெறுத்துப்போச்சாடே?”

“நீங்க ஒரு போன் போடலாமே மாஸ்டர்?”

“அவ வேண்டாம்னு இருந்தா, நான் எப்படிடே கூப்பிடுவேன்?”

என் ஃபில்டர்தான் அவளை மடக்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஃபில்டரைத் திறந்தேன். தேங்கிக் கிடந்த மெசேஜெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மாஸ்டருக்குப் படிக்க வராது.

‘அப்பா, ஏன் லைன்ல வரல?’

‘அப்பா, திரும்பவும் கோபமா?’

கடைசியில், ‘சரிப்பா. இனிமே தொந்தரவு பண்ணல.’

“என்னமும் எழுதியிருக்காளாடே?”

என்னோடு வந்திருந்த முதலாளி பக்கத்திலேயே நின்றார். யாரையும் கேட்காமல் மடக்கிய என் தப்பு வெளியே வந்துவிடுமே, வேலை போய்விடுமே என்று பயம்.

“ஒண்ணும் இல்ல மாஸ்டர்” என்றேன்.

“ம்... சரி” என்று தோல் வெட்டப் போய்விட்டார். அடுத்த முறை நான் போனபோது அவர் கணக்கு முடித்து ஊருக்குப் போயிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இப்போது செம்பூரில் சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். எதையும் மடக்குவதற்கு முன், வாட்ச்மேன் வரை ஒவ்வொருவரையும் கேட்கிறேன். கூட வேலை செய்யும் பசங்க, “க்யா சார், டைம் வேஸ்ட்” என்று சிரிக்கிறார்கள். இப்போதெல்லாம் மெசேஜ் போனதும் தெரிகிறது, படித்ததும் தெரிகிறது. மாஸ்டரின் மகளுக்கு அன்றைக்கு எதுவுமே தெரியவில்லை.

அப்பா படித்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தார் என்று அவள் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். படித்தது நான்.