ரிங் ரோட்டில் ஒரு மணப்பெண் அலங்காரம்

கெங்கேரி தாண்டியதும் ஊர் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியாது. அதற்கப்புறமும் பெங்களூரு இருக்கிறது, அங்கேதான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் லேஅவுட்டில் யாரையாவது பார்த்து, "டவுனுக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால் முதலில் பெருமூச்சு வரும், பிறகுதான் பதில் வரும். வனஜாக்ஷி மட்டும் பெருமூச்சு விடமாட்டாள். நேராகத் திட்ட ஆரம்பித்துவிடுவாள். ரோட்டை, சிக்னலை, தோண்டினவனை, தோண்டிவிட்டு மூடாதவனை, மூடினதை மறுபடி தோண்டினவனை, எல்லாரையும்.

கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது வனஜாவின் தொழில். அவளோடு போய்ப் புடவை கட்டிவிடுவது என் வேலை. முன்னெல்லாம் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில் அவளுக்குச் சின்னதாகப் பார்லர் இருந்தது. கட்டடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். புது வாடகையைக் கேட்டுவிட்டு வந்தவள் அன்றைக்கே வீட்டையும் சேர்த்துக் காலி பண்ணுவது என்று முடிவு செய்துவிட்டாள். அவள் கணவர் ருத்ரேஷ் எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது" என்றாராம். காற்று நன்றாகத்தான் வந்தது. கல்யாணங்கள்தான் எல்லாம் ஊரின் மறுகோடியில் நடந்தன.

ருத்ரேஷுக்கு ஊரின் இன்னொரு கோடியில், பொம்மசந்திரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் எழுந்திருக்கும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் வந்து சேரும்போது அவள் ஏதாவது மண்டபத்தில் இருப்பாள். ஒரே ஊரில் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணுகிற புருஷனும் பெண்டாட்டியும், சாம்பாரில் உப்பு சரியா என்று போனில் விசாரித்துக்கொண்டதை நான் அவர்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

ஆட்டோக்காரர்கள் எங்கள் ஏரியா பேரைக் கேட்டாலே வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் கொஞ்சம் நின்று பதில் சொன்னான்.

"கெங்கேரிக்கு அந்தாண்டையா? அங்கேர்ந்து திரும்பி வர்றப்ப எனக்கு யாரும்மா சவாரி கொடுப்பா?"

"நாங்க அங்கதாம்ப்பா இருக்கோம். மனுஷங்கதான், பயப்படாத" என்றாள் வனஜா.

அவன் சிரித்தான். ஆனால் வரவில்லை.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தவர் ஜபீவுல்லா. எங்கள் பின்தெருவில் குடியிருந்ததால் எப்படியும் அந்தப் பக்கம் திரும்பி வந்தாக வேண்டிய மனிதர். ஜபி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வனஜாவின் மேக்கப் பெட்டி, பெரிய இரும்புப் பெட்டி, அவர் ஆட்டோவின் பின்னால்தான் ஊரைச் சுற்றியது.

சிஞ்சனா என்கிற பெண்ணின் கல்யாணம் மழைக்காலத்தில் வந்தது. பெண் வீடு மேற்கே, விஜயநகர். மாப்பிள்ளை வீடு கிழக்கே வெகுதூரம், மண்டபமும் அந்தப் பக்கமே. முதல்நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். மதியமே எல்லாரும் மண்டபத்தில் சேர்ந்துவிடுவது என்று பேச்சு. பெண் வீட்டார் பூஜையை முடித்துக்கொண்டு வேனில் வருவார்கள். நாங்கள் எங்கள் கோடியிலிருந்து ஜபி அண்ணன் ஆட்டோவில்.

நடு மதியத்தில் ஒரு மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. ஆனால் வழியில் ஒரு சுரங்கப்பாதை நிரம்ப அது போதுமாக இருந்தது. ரிங் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் நின்றது. ஜபி அண்ணன் இன்ஜினை அணைத்தார். அவர் அணைத்தால் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. பக்கத்துக் காரில் இருந்தவர் டப்பாவைத் திறந்து சித்ரான்னம் சாப்பிட ஆரம்பித்தார். முன்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் கீழே இறங்கி டீக்கடை தேடிக்கொண்டு போனார்.

வனஜா வழக்கமான திட்டு எல்லாம் திட்டி முடித்த பிறகும் வண்டி நகரவில்லை. சிஞ்சனாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மண்டபத்துக்கு வந்துட்டீங்களா?"

"ரிங் ரோட்ல மாட்டிக்கிட்டேன் கண்ணு. நீ ரெடியா இரு, மூஞ்ச மட்டும் கழுவி வை."

"எங்க கழுவறது? நாங்களும் ரிங் ரோட்லதான் இருக்கோம்."

"ரிங் ரோட்ல எங்க?"

"தெரியலக்கா. ஒரு பெரிய போர்டு இருக்கு. பல் டாக்டர் விளம்பரம். ஒரு ஆள் பல்லைக் காட்டிட்டு நிக்கறான்."

வனஜா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். தூரத்தில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் மேலே, வரிசையாக வெள்ளைப் பற்கள் தெரிந்தன.

"அந்தப் பல்லு எனக்கும் தெரியுது. நீ அங்கேயே இரு" என்றாள். பிறகு தானே யோசித்து, "வேற எங்க போகப் போற" என்று சொல்லி போனை வைத்தாள்.

ஜபி அண்ணன் இரும்புப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கவலை வந்தது. "அண்ணா, வண்டிய யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"எடுக்கட்டும்க்கா. எடுத்து எந்தப் பக்கம் ஓட்டுவான்னு நானும் பாக்கறேன்."

இரண்டு காருக்கு நடுவே, பைக்குகளுக்கு இடையில், சேற்றில் செருப்பு சொதசொதக்க நடந்தோம். கண்ணாடியை இறக்கி, "என்னம்மா விக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அழகு" என்றாள் வனஜா, நிற்காமல்.

வேனுக்குள் சிஞ்சனா ஜீன்ஸும் சட்டையுமாக, கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தாம்பாளங்கள், பழங்கள், அத்தைகள். அவள் அம்மா ஹேமாவதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் லோகப்பா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுக்குக்கா அழற? மாப்பிள்ளை எங்கயும் போயிட மாட்டான். போகணும்னாலும் இதே ரோட்லதான் போகணும்."

"மாமா, நீங்க எல்லாரும் கீழ இறங்குங்க" என்றாள் வனஜா. "போய் டீ குடிங்க. டிரைவரத் தவிர ஆம்பளைங்க யாரும் உள்ள வேணாம்."

ஜன்னல்களில் போர்வைகளைக் கட்டினோம். வெளிச்சத்துக்காக ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தோம். அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது, பெண்கள் இருக்கைகள் சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேராக. பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். இத்தனை நேரம் அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, பாவம்.

"பொண்ணு மாநிறம்தானே? எதுக்கு அவ்ளோ வெள்ளை அடிக்கற?" என்றது ஒரு குரல்.

"இது அடியில போடறதும்மா. மேல இன்னும் இருக்கு."

"அந்தச் சிவப்பு லிப்ஸ்டிக் வேணாம். இன்னொன்னு எடு. ஆங், அது."

வனஜா யார் பேச்சையும் கேட்பவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த இன்னொன்றைத்தான் எடுத்தாள்.

அடுத்து இமைக்கு நிறம் போட ஆரம்பித்தாள். கண்ணை மூடியபடியே சிஞ்சனா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கப்புறம் எனக்கு வீடு அந்தக் கோடி. அம்மா இந்தக் கோடி. ஒரே ஊர்தானேன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி வந்து பார்க்கறது?"

பின்சீட்டில் ஹேமாவதி மறுபடி மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார். வனஜா பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டாள்.

"கஷ்டம்தான்" என்றாள். "உங்கம்மா மைசூர்ல இருந்திருந்தா ரயிலேறி டக்குனு போயிடலாம். நானும் எங்க வீட்டுக்காரரும் இதே ஊர்லதான் இருக்கோம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் மூஞ்ச பார்த்துக்கறோம். சண்டை போடக்கூட நேரமில்ல."

"அது நல்லதுதானே?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா சண்டை போட முடியாததும் ஒரு கொறையாத்தான் இருக்கு. கண்ணத் தொற, மேல பாரு."

இடது கண்ணுக்கு மை தீட்டி முடித்தாள். வலது கண்ணில் பிரஷ்ஷை வைத்த நேரத்தில் பின்னாலிருந்து ஹார்ன்கள் ஒன்றாகக் கிளம்பின. வேன் குலுங்கி நகர்ந்தது. மைக்கோடு கண்ணிலிருந்து காது வரைக்கும் போனது.

"நிறுத்துப்பா" என்று கத்தினாள் வனஜா.

"ஐயோ அண்ணா, போகாதீங்க" என்றாள் சிஞ்சனா.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, எத்தனையோ வருஷமா இந்த ரோட்ல ஓட்டறேன். 'போகாத'ன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

நிறுத்த வழியில்லை. பின்னால் லாரி. ஜபி அண்ணன் தன் ஆட்டோவைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினார். அதைவிடப் பெரிய ஓட்டம் வேனுக்குப் பின்னால் நடந்தது. டீக்கடையில் இருந்த லோகப்பாவும் மற்ற ஆண்களும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏய், எங்கள விட்டுட்டுப் போறீங்களா" என்று ஓடிவந்தார்கள். பஸ் பெண்கள் அவர்களுக்குக் கை காட்டினார்கள். வண்டிகள் ஒரு மேம்பாலத்து நிழல்வரை போய் மறுபடி நின்றன. லோகப்பா மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"நின்னுடுச்சா? கடவுள் இருக்கான்" என்றார்.

அங்கே வலது கண்ணை முடித்தாள். நான் முதுகை வளைத்து, தலை கூரையில் இடிக்க, உட்கார்ந்த நிலையில் பாதியும் நின்ற நிலையில் பாதியுமாகக் கொசுவம் வைத்துப் புடவை கட்டினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கொசுவம் நான் வைத்ததில்லை. ஆனால் நின்றது.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேடையில் மாப்பிள்ளை அபிலாஷ் தனியாக நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. வந்தவர்களுக்கெல்லாம் அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பற்றிய பயம். காத்திருக்காமல் மேடை ஏறி, மாப்பிள்ளையோடும் நாற்காலியோடும் போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்கள் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன.

சிஞ்சனா மேடை ஏறியதும் அவன் சொன்னான்: "வந்துட்டியா? எனக்குக் கன்னமெல்லாம் வலிக்குது. இனிமே நீ சிரி."

அவள் உண்மையாகவே சிரித்தாள். மாமியார் மட்டும் கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "வலது கண்ணு கொஞ்சம் பெருசா இருக்கோ?"

"வழியில ஒரு வேகத்தடைம்மா" என்றாள் வனஜா. "காலையில முகூர்த்தத்துக்குச் சரி பண்ணிடறேன்."

காலையில் சரி பண்ணினாள். தாலி நேரத்துக்குக் கழுத்தில் ஏறியது. எல்லாரும் முதல் நாளே மண்டபத்தில் படுத்துவிட்டதால் யாரும் எங்கேயும் மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை.

திரும்பி வரும்போது வனஜா ஒருவரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. வீடு நெருங்கியபோது சொன்னாள்: "அக்கா, இனிமே நான் பொண்ணுங்களத் தேடிப் போகப் போறதில்ல. அவங்க என்னைத் தேடி வரட்டும்."

"இந்தக் காட்டுக்கு யாரு வருவா?"

"இங்க இல்ல. ரயில் வர்ற எடத்துல."

மெட்ரோ அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. தூண்கள் மட்டும் நின்றிருந்தன. அது கெங்கேரிக்கு வரும்வரை பொறுத்திருந்தாள். வந்ததும் விஜயநகரில் ஸ்டேஷனை ஒட்டி, ஒரு பேக்கரிக்கு மேலே அறை பிடித்தாள். பெண் அங்கே வர வேண்டும், அலங்காரம் முடித்து, மெட்ரோவிலேயே மண்டபத்துக்குப் போக வேண்டும். நாங்களும் கூடப் போவோம். ஆரம்பத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நகை போட்ட கல்யாணப் பொண்ணு ரயில்ல நின்னுக்கிட்டுப் போறதா?" என்று எத்தனையோ அம்மாக்கள் போனை வைத்தார்கள். பல மாதம் அறை காலியாகக் கிடந்தது. ருத்ரேஷ் கவலைப்பட்டார். வனஜா பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தின்றுகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு பெண் துணிந்து வந்தாள். அவள் சித்தப்பா மட்டும், தான் காரில்தான் வருவேன் என்று அடம்பிடித்து முன்னால் கிளம்பினார். நாங்கள் ரயிலேறினோம். பெட்டியில் அத்தனை பேரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு பாட்டியம்மா தன் பையிலிருந்த பூவை எடுத்து நீட்டினார். பெண் ரிசப்ஷன் முடித்துச் சாப்பிட உட்காரும்போது சித்தப்பா வந்து சேர்ந்தார். மறுவாரத்திலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது.

இப்போதெல்லாம் வனஜா முதலில் கேட்பது முகூர்த்த நேரத்தை அல்ல. போன மாதம் ஒரு அம்மா பேசினார்கள். பெரிய இடம் என்று குரலிலேயே தெரிந்தது.

"மண்டபம் மெட்ரோவுக்குப் பக்கமாம்மா?"

"மெட்ரோல்லாம் இல்ல. ஆனா எத்தனை கார் வந்தாலும் நிறுத்த எடம் இருக்கு."

"நிறுத்த எடம் இருக்கு, சரி. வந்து சேர ரோடு இருக்கா?"

அந்தக் கல்யாணத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டில் இருந்தாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவளும் ருத்ரேஷும் வித்யாரண்யபுரத்தில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். அங்கே மெட்ரோ கிடையாது. ஆட்டோ பிடித்து யஷ்வந்த்பூர் வரை போய், அதற்கு மேல் நகர முடியாமல் நின்று, எதிரே தெரிந்த ஹோட்டலில் ஆளுக்கொரு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். சட்னியில் காரம் அதிகமா இல்லையா என்று அங்கேயே சண்டை வந்ததாம். வீடு திரும்பும்வரை ஓயவில்லை என்று வாசலில் நின்று என்னிடம் சொன்னாள், முகமெல்லாம் மலர்ந்திருந்தது.